மேம்படுத்தச் சொல்லும் அறிவிப்பும் பழைய மடிக்கணினியும்

இயங்குதளத்தின் அடுத்த பதிப்புக்கு மாறும்படி கணினி தானாகவே திரையில் காட்டும் அறிவிப்புகள், பழைய கணினி வைத்திருப்பவர்களைத்தான் அதிகம் அலைக்கழிக்கின்றன. புதிய கணினியில் ஒருமுறை சம்மதம் சொன்னால் வேலை முடிந்துவிடும். பத்து ஆண்டு ஓடிய கணினியில் சம்மதித்தால் இயந்திரமே முடங்கலாம். மறுத்தால் அதே அறிவிப்பு மறுநாளும் வந்து நிற்கும். சிக்கலின் வேர், அந்த அறிவிப்புக்குள் இரண்டு செய்திகள் கலந்திருப்பது. ஒன்று எச்சரிக்கை: இந்தப் பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் இன்ன தேதியோடு நின்றுவிடும். மற்றொன்று விற்பனை: புதிய பதிப்பை, முடிந்தால் புதிய கணினியையே, வாங்கிக்கொள்ளுங்கள். எச்சரிக்கையைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். விற்பனையை அடக்கிவைக்கலாம். இரண்டும் ஒரே பெட்டியில் வருவதால், விற்பனையை நிறுத்தப் போகிறவர்கள் எச்சரிக்கையையும் பாதுகாப்பையும் சேர்த்தே அணைத்துவிடுகிறார்கள். நடைமுறையில் நேரும் கேடு பெரும்பாலும் இதுதான்.

தமிழ்நாட்டில் இந்தச் சிக்கல் லட்சக்கணக்கான வீடுகளுக்குள் வந்ததற்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் காரணம். 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த நாளில், திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா அதைத் தொடங்கிவைத்தார். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்காக மாநில அரசின் எல்காட் நிறுவனம் ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் கொள்முதல் செய்தது. புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள சித்தன்னவாசலைப் போன்ற சிற்றூர்களின் பிள்ளைகள் பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ படித்து வாங்கி வந்த மடிக்கணினிதான் பல வீடுகளில் முதல் கணினி. படிப்பு முடிந்த பிறகும் அதற்கு ஓய்வில்லை. தம்பி தங்கைகளின் பாடம், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், கடைக் கணக்கு, கல்யாண வீடியோ என்று கை மாறி உழைத்தது. அரசு கொடுத்த கணினி பழுதானால் இன்னொன்று வாங்குவது அந்த வீடுகளுக்கு எளிதல்ல. ‘பழையதைத் தூக்கிப் போட்டுப் புதிது வாங்குங்கள்’ என்ற அறிவுரை இங்கே செல்லாது.

முதல் ஆண்டுகளில் வந்தவற்றில் பெரும்பாலும் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க், 14 அங்குலத் திரை. அவற்றை இயக்கினால் முதலில் கருப்புத் திரையில் ஒரு சிறு பட்டியல் வரும். பாஸ் லினக்ஸ் ஒரு வரி, விண்டோஸ் ஒரு வரி. அம்புக்குறி விசையால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்ட வேண்டும். இரண்டு இயங்குதளங்களும் ஒரே ஹார்டு டிஸ்க்கில் தனித்தனிப் பகுதிகளில் இருந்தன. பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு சென்னையில் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட இந்திய இயங்குதளம். இருந்தும் மாணவர்கள் பெரும்பாலும் விண்டோஸ் வரியையே தேர்ந்தெடுத்தார்கள். பிரவுசிங் சென்டரிலும் ஜெராக்ஸ் கடையிலும் அவர்கள் பார்த்திருந்தது அதைத்தான்.

மேம்படுத்தல் அறிவிப்பு அரசு அலுவலகக் கணினிகளில் பரவலாகத் தலைகாட்டியது 2014-இல். விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு அந்த ஆண்டு ஏப்ரல் 8 அன்று முடிந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே, மார்ச் 8 முதல், எக்ஸ்பி கணினிகளில் அந்தத் தேதியைச் சொல்லும் பெட்டி தோன்றியது. ‘இனி இந்தச் செய்தியைக் காட்ட வேண்டாம்’ என்ற கட்டத்தில் டிக் செய்தால் அது மறுபடி வராது. நேர்மையான அறிவிப்பு என்றால் அதுதான் மாதிரி: தேதியைச் சொன்னது, ஒரே சொடுக்கில் விலகிக்கொண்டது. தமிழ்நாடு அரசு அப்போது எடுத்த முடிவும் கவனிக்கத் தக்கது. எக்ஸ்பி ஓடிய அலுவலகக் கணினிகளில் பாஸ் லினக்ஸை நிறுவும்படி துறைகளுக்கு அறிவுறுத்தியது. எல்காட் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, தன் அலுவலகக் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியிருந்தது. பழைய கணினிக்கு அடுத்த விண்டோஸ் ஒன்றே வழி என்ற எண்ணத்தைத் தமிழ்நாட்டு நிர்வாகம் அப்போதே மறுத்திருந்தது. நடைமுறையில் எல்லா அலுவலகங்களும் அப்படி மாறிவிடவில்லை என்பது வேறு.

அடுத்து வந்தது வேறு வகை. 2015 வசந்த காலத்தில் விண்டோஸ் 7, 8.1 கணினிகளுக்கு ‘கேபி 3035583’ என்ற எண்ணுடன் ஒரு திருத்தம் வந்தது. மற்றத் திருத்தங்களோடு சேர்ந்து நிறுவப்பட்ட அது, திரையின் வலது மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், வெள்ளை நிற விண்டோஸ் சின்னம் ஒன்றை வைத்தது. விண்டோஸ் 10 வெளியானது 2015 ஜூலை 29. அதிலிருந்து ஓராண்டுக்கு அது இலவசம். தொடக்கத்தில் அந்தச் சின்னம் முன்பதிவு செய்யச் சொன்னது. ஆண்டு இறுதியில் வந்த பெட்டியில் இரண்டு பெரிய பொத்தான்கள் இருந்தன: இப்போதே மாறு, இன்றிரவு மாறு. வேண்டாம் என்பதற்குப் பொத்தான் இல்லை. மூலையிலிருந்த பெருக்கல் குறிதான் ஒரே வழி. 2016 பிப்ரவரியில் விண்டோஸ் 10 ‘பரிந்துரைக்கப்பட்ட’ திருத்தங்களின் வரிசைக்கு உயர்த்தப்பட்டது. தானியங்கித் திருத்தத்தை அனுமதித்திருந்த கணினிகள் கேளாமலே அதைத் தரவிறக்கத் தொடங்கின.

அந்த ஆண்டு மே மாதத்தில் பெட்டி இன்னொரு முறை மாறியது. இன்ன தேதி, இன்ன மணிக்கு இந்தக் கணினி மேம்படுத்தப்படும் என்று அது சொன்னது. கீழே ‘இப்போதே மேம்படுத்து’, ‘சரி’ என்ற இரண்டு பொத்தான்கள். தேதியை மாற்றவோ ரத்து செய்யவோ விரும்பினால், இடையில் ஓடிய ஒரு வரிக்குள் இருந்த சிறு இணைப்பைத் தேடிச் சொடுக்க வேண்டும். அதுவரை மறுப்பாக இருந்த பெருக்கல் குறி, இப்போது ‘சரி’ என்பதற்குச் சமமாகிவிட்டது. பெட்டியை மூடியவர்கள் மறுத்துவிட்டதாக நினைத்திருக்க, குறித்த நேரத்தில் கணினி தானாக மாறியது. எதிர்ப்பு வலுத்த பிறகு ஜூன் இறுதியில்தான் பெருக்கல் குறிக்கு அதன் பழைய பொருள் திரும்பியது. ‘இலவச வாய்ப்பை மறுக்கிறேன்’ என்ற வழியும் வந்தது. மேம்படுத்தலுக்குப் பின் தன் அலுவலகக் கணினி முடங்கியதாக வழக்குத் தொடுத்த கலிஃபோர்னியாச் சுற்றுலா முகவர் ஒருவர் 10,000 டாலர் இழப்பீடு பெற்றார். எல்லை மீறிவிட்டதை மைக்ரோசாஃப்டின் சந்தைப்படுத்தல் தலைவர் கிறிஸ் கபோசெலா 2016 டிசம்பரில் ஒரு நேர்காணலில் ஒப்புக்கொண்டார்.

கிராமத்து மடிக்கணினிக்கு இந்த ஓராண்டு எவ்வளவு மோசமான காலம் என்பதை விலைவாசி சொல்லும். ஜியோ சேவை தொடங்கியது 2016 செப்டம்பர் 5. இலவச மேம்படுத்தல் முடிந்து ஐந்து வாரங்களுக்குப் பிறகு. அதற்கு முன் ஒரு ஜிபி மொபைல் டேட்டா ஏறத்தாழ 250 ரூபாய். டாங்கிளிலோ செல்போன் ஹாட்ஸ்பாட்டிலோ இணைந்த மடிக்கணினி, யாரும் கேட்காமல் 3 ஜிபிக்கு மேல் தரவிறக்கி, மறைவான ஒரு கோப்புறையில் குவித்துவைத்தது. மாத டேட்டா ஒரே இரவில் தீர்ந்தது. எதனால் தீர்ந்தது என்பதும் தெரியாது. உலகின் மறுபக்கத்திலும் இதே கதைதான். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் சிங்கோ வனப் பகுதியில் வேட்டைத் தடுப்பில் ஈடுபட்டிருந்தவர்களின் கணினி, விலைமிக்க செயற்கைக்கோள் இணைப்பு வழியே விண்டோஸ் 10-ஐ இறக்கத் தொடங்கிய செய்தி 2016-இல் வெளியானது. அளவில்லா இணைப்பும் தடையில்லா மின்சாரமும் உள்ள இடத்தில் வடிவமைக்கப்பட்ட நினைவூட்டல், இரண்டும் இல்லாத இடத்தில் பணத்தைத் தின்றது. மேம்படுத்தல் நடுவில் கரண்ட் போய், சார்ஜ் நிற்காத பேட்டரியும் கைவிட்டால், கணினி மறுபடி எழாமலே போகும் அபாயமும் இருந்தது.

அந்த மடிக்கணினி விண்டோஸ் 10-க்குத் தகுதியானதா என்று கேட்டால், ஆம் என்றே நினைவூட்டல் பதில் சொன்னது. குறைந்தபட்சத் தேவையாக அறிவிக்கப்பட்டது 32 பிட் பதிப்புக்கு 1 ஜிபி, 64 பிட் பதிப்புக்கு 2 ஜிபி ரேம். ஏட்டளவில் சரி. ஆனால் நிறுவ முடிவது வேறு, வேலை பார்க்க முடிவது வேறு. 2 ஜிபி ரேமும் சுழலும் ஹார்டு டிஸ்க்கும் உள்ள கணினியில் விண்டோஸ் 10 பின்னணியில் செய்யும் தேடல் அட்டவணை, வைரஸ் சோதனை, திருத்தப் பதிவிறக்கம் எல்லாம் சேர்ந்து டிஸ்க்கை இடைவிடாமல் ஓடவைக்கும்; ஒரு வேர்டு கோப்பு திறக்கவே பல நிமிடம் பிடிக்கும். தகுதிப் பரிசோதனையின் ‘ஆம்’ என்ற சொல்லை உரிமையாளர் இந்த அளவுக்குத்தான் நம்ப வேண்டும். இதற்கு வன்பொருளில் ஒரு தீர்வு உண்டு. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி பொருத்தி, ரேமை 4 அல்லது 8 ஜிபி ஆக்கினால் அதே மடிக்கணினி ஆளே மாறியதுபோல் ஓடும். புதுக்கோட்டையைப் போன்ற எந்த நகரத்துப் பழுதுபார்க்கும் கடையிலும் ஒரு மணி நேர வேலை. பழைய கணினிக்குச் செலவிட விரும்புகிறவர்கள் முதலில் செலவிட வேண்டியது இதற்குத்தான்.

விண்டோஸ் 7-இன் ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. மறுநாள் முதல் திரை முழுவதையும் மூடும் அறிவிப்பு வந்தது. அதில் ‘மீண்டும் நினைவூட்ட வேண்டாம்’ என்ற வழி இருந்ததைச் சொல்லியாக வேண்டும். 8.1-இன் ஆதரவு 2023 ஜனவரி 10 அன்று முடிந்தது. இலவச மேம்படுத்தல் 2016-லேயே முடிந்ததாக அறிவிக்கப்பட்டிருந்தாலும், விண்டோஸ் 7-இன் உரிம எண்ணைக் கொண்டே 10-ஐ இயக்க முடிந்தது. 2023 செப்டம்பரில்தான் அந்த வாசல் மூடப்பட்டது.

2021 அக்டோபர் 5 அன்று விண்டோஸ் 11 வந்தபோது நிலைமை தலைகீழானது. முன்பு வேண்டாத கணினிக்கும் மேம்படுத்தல் திணிக்கப்பட்டது. இப்போது வேண்டும் என்றாலும் பழைய கணினிக்குக் கிடைக்காது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, செக்யூர் பூட் வசதி, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலி ஆகியவை கட்டாயமாயின. 2018-க்கு முன் வந்த மடிக்கணினிகள் பெரும்பாலும் இந்தச் சல்லடையில் தேறவில்லை. விண்டோஸ் 10-இன் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் முழுத்திரை அறிவிப்புகள் மறுபடி வந்தன. தகுதியுள்ள கணினியில் ‘மாறுங்கள்’. தகுதியில்லாத கணினியில் ‘புதிய கணினி வாங்குங்கள்’. சம்மதிக்கும் பொத்தான்கள் நீல நிறத்தில் பெரிதாகவும், மறுப்பு பொத்தான் வடிவமே இல்லாத சிறு எழுத்தாகவும் இருந்தன. இந்த மாற்றத்தால் உலகெங்கும் 24 கோடிக் கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் ஆய்வு நிறுவனம் 2023 இறுதியில் மதிப்பிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியை மென்பொருள் தேதி ஒன்று குப்பையாக்குவது ஏற்கத் தக்கதல்ல.

இத்தகைய வடிவமைப்பைப் பற்றி இந்தியச் சட்டம் பேசத் தொடங்கிவிட்டது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவிக்கை செய்த வழிகாட்டு நெறிமுறைகள், நுகர்வோரை ஏமாற்றும் இணைய உத்திகள் என்று 13 வகைகளைப் பட்டியலிடுகின்றன. ஒரே கோரிக்கையால் திரும்பத் திரும்ப நச்சரிப்பது அதில் ஒரு வகை. வேண்டிய பொத்தானை மங்கலாக்கி வேண்டாததை எடுப்பாகக் காட்டுவது இன்னொன்று. தொடர்பில்லாத ஒன்றை வாங்கவோ ஏற்கவோ கட்டாயப்படுத்துவது மற்றொன்று. 2016-இன் பெருக்கல் குறி விவகாரம் இந்த விதிகளுக்கு முன்பே நடந்து முடிந்தது. ஆனால் அது எந்தெந்த வகைகளில் அடங்கும் என்பதைப் பட்டியலைப் படிப்பவர் எளிதில் கண்டுகொள்வார்.

இனி நடைமுறை. முதலில் தோன்றியிருப்பது உண்மையான அறிவிப்பா என்று பார்க்க வேண்டும். உலாவிக்குள், ஏதோ ஓர் இணையதளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ‘உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது’ என்று அலறும் பக்கம் விண்டோஸிலிருந்து வருவதல்ல. தொலைபேசி எண் கொடுத்து அழைக்கச் சொன்னால் அது மோசடி. இயங்குதளம் யாரையும் போன் செய்யச் சொல்லாது. 2022-இல் போலி விண்டோஸ் 10 திருத்தக் கோப்புகள் வழியே மாக்னிபர் என்ற பிணைத்தொகை நச்சுநிரல் பரவியது. உண்மையான அறிவிப்பாக இருந்தாலும் அதிலேயே சொடுக்காமல், செட்டிங்ஸுக்குள் போய் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்து அங்கே என்ன சொல்கிறது என்று பார்ப்பது பாதுகாப்பு.

அடுத்து, அப்டேட் வேறு, அப்கிரேடு வேறு என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். அப்டேட் என்பது இருக்கும் பதிப்பின் ஓட்டைகளை அடைக்கும் மாதத் திருத்தம், அது வேண்டும். அப்கிரேடு என்பது பதிப்பையே மாற்றுவது, அதைத் தள்ளிப்போடலாம். விண்டோஸ் 10-இல் அப்டேட் பக்கத்திலேயே, விண்டோஸ் 11 பெட்டிக்குக் கீழே, இப்போதைக்கு 10-இலேயே இருக்கிறேன் என்ற இணைப்பு உண்டு. அறிவிப்புகளுக்கான பக்கத்தில், திருத்தத்துக்குப் பின் வரும் வரவேற்புத் திரை, குறிப்புகள், ‘கணினி அமைப்பை முடிக்கும் வழிகள்’ என்ற மூன்று கட்டங்களின் டிக்கையும் எடுத்துவிட்டால் முழுத்திரை விளம்பரங்கள் பெருமளவு குறையும். இன்னும் உறுதியாகப் பூட்ட விரும்புகிறவர்களுக்கு, கணினிப் பாதுகாப்பு வல்லுநர் ஸ்டீவ் கிப்சன் எழுதிய ‘இன்கண்ட்ரோல்’ என்ற சிறு இலவச நிரல் இருக்கிறது. விண்டோஸில் நிறுவனங்களுக்காக வைத்திருக்கும் கொள்கை அமைப்பையே பயன்படுத்தி, கணினியை 22எச்2 என்ற கடைசிப் பதிப்பில் நிறுத்திவைத்து, மாதத் திருத்தங்களை மட்டும் உள்ளே விடுகிறது அது. 2016-இல் அவரே எழுதிய ‘நெவர்10’-இன் வழித்தோன்றல் அது. செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைகிறவர்கள் அந்த இணைப்பை ‘மீட்டர்டு’ என்று குறித்துவைத்தால், பெரிய பதிவிறக்கங்கள் பெரும்பாலும் அனுமதியின்றித் தொடங்கா. டேட்டா எண்ணிச் செலவிடும் வீட்டில் இந்த ஒரு டிக் பெரிய உதவி.

செய்யக் கூடாதவையும் உண்டு. கடைக்காரர்கள் சிலர் ‘அப்டேட்டையே ஆஃப் பண்ணிட்டேன், இனிமே தொந்தரவு வராது’ என்று விண்டோஸ் அப்டேட் சேவையை முழுவதுமாக நிறுத்திக் கொடுக்கிறார்கள். அது தொந்தரவோடு பாதுகாப்பையும் நிறுத்துகிறது. பெயர் தெரியாத தளத்திலிருந்து ‘அப்டேட் பிளாக்கர்’ இறக்குவதும், நடந்துகொண்டிருக்கும் மேம்படுத்தலை நடுவில் பவர் பட்டனை அழுத்தி நிறுத்துவதும் இதைவிட மோசம்.

திருத்தம் நின்ற கணினிக்கு என்ன நேரும் என்பதற்கு 2017 மே 12 சாட்சி. அன்று பரவத் தொடங்கிய வானாக்ரை என்ற பிணைத்தொகை நச்சுநிரல், எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு முறையின் ஓட்டை வழியே கணினியிலிருந்து கணினிக்கு யாரும் எதையும் சொடுக்காமலே தாவியது. அந்த ஓட்டைக்கான திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வந்துவிட்டது. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை அந்தத் திருத்தத்தை ஏற்றாத விண்டோஸ் 7 கணினிகள். பிரிட்டன் மருத்துவமனைகள் முடங்கியது உலகச் செய்தி. நம் பக்கத்தில் கேரளத்தின் வயநாட்டு ஊராட்சி அலுவலகக் கணினிகளும், ஆந்திரக் காவல்துறையின் கணினிகளும், திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் அலுவலகக் கணினிகள் சிலவும் அதில் சிக்கின. எக்ஸ்பி ஓடும் ஏடிஎம்களை 2019 ஜூனுக்குள் படிப்படியாக மாற்றும்படி ரிசர்வ் வங்கி 2018-இல் வங்கிகளுக்குக் கெடு விதித்தது. 2015-16-இன் நச்சரிப்பால் வெறுத்துப்போய் அப்டேட்டை அணைத்தவர்கள் 2017-இல் திறந்த வாசலோடு நின்றார்கள். நினைவூட்டலை அளவுக்கு மீறித் திணித்ததன் உண்மையான சேதம் அங்கேதான்.

விண்டோஸ் 10-இலேயே தொடர விரும்பும் வீட்டுக் கணினிக்கு நீட்டித்த பாதுகாப்புத் திருத்தம் என்ற வழி வைக்கப்பட்டது. 22எச்2 பதிப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் இருக்க வேண்டும். 30 டாலர் அல்லது அதற்கீடான உள்ளூர்த் தொகை செலுத்தலாம். கணினி அமைப்புகளை மேகக் கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் கட்டணமில்லை. 2026 அக்டோபர் 13 வரை அதன் காலம். பள்ளி, கல்லூரிகளுக்குக் கணினி ஒன்றுக்கு முதல் ஆண்டு ஒரு டாலர், அடுத்து இரண்டு, பிறகு நான்கு. பள்ளிக்கூடக் கணினி அறையைப் பொறுத்தவரை இது மிக மலிவான பாதுகாப்பு. நிர்வாகங்கள் கவனிக்க வேண்டிய வழி.

மடிக்கணினியில் ஏற்கெனவே இருக்கும் பழைய பாஸ் லினக்ஸுக்குப் பதிலாக, திருத்தம் கிடைக்கும் புதிய லினக்ஸ் பதிப்பு ஒன்றை நிறுவுவது மற்றொரு வழி. உலாவி, எழுத்துவேலை, பிடிஎஃப், வீடியோ என்ற அளவில் பயன்படும் வீட்டுக் கணினிக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு அல்லது லுபுண்டு போதும். யுஎஸ்பி பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலே ஓட்டிப் பார்த்து முடிவுசெய்யலாம். கேரளத்து அரசுப் பள்ளிகள் இரண்டு பத்தாண்டுகளாக லினக்ஸில் பாடம் நடத்துகின்றன. மாணவர்களுக்கு அது எட்டாத ஒன்றல்ல. ஆனால் 2 ஜிபி ரேம் உள்ள கணினியில் இன்றைய இணையப் பக்கங்கள் எந்த இயங்குதளத்திலும் திணறும் என்பதையும் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும்.

லினக்ஸுக்கோ புதிய விண்டோஸுக்கோ போக முடியாத கணினிகளும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் அதற்கான காரணங்கள் தனி. பல அச்சகங்களில் பேஜ்மேக்கரும் பழைய கோரல்டிராவும், யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களும் சேர்ந்து பத்திரிகை அடிக்கின்றன. அலுவலகங்களில் வானவில் விசைப்பலகையில் தட்டச்சு பழகிய கை எளிதில் மாறாது. இ-சேவை மையத்தில் கைரேகைக் கருவிக்கும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கும் உரிய இயக்கி நிரல்கள் குறிப்பிட்ட பதிப்புக்கே சரியாக வேலை செய்யும்; கணக்குக் கடையில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் அப்படித்தான். இவர்கள் மேம்படுத்தலை மறுப்பது பழமைப்பற்றால் அல்ல. பிழைப்பு அந்த இணைவில் நிற்கிறது. இணையம் தேவைப்படாத அச்சகக் கணினியின் வயரைக் கழற்றிவிட்டு, கோப்புகளை வைரஸ் சோதித்த பென் டிரைவில் மட்டும் கொண்டுவருவது போதிய பாதுகாப்பு. அப்போது நினைவூட்டலும் வராது. இ-சேவை மையக் கணினிக்கு அந்தச் சலுகை கிடையாது. ஊராரின் ஆதார் எண்ணும் வருமானச் சான்றும் அதன் வழியே போவதால், ஆதரவுள்ள பதிப்பில்தான் அது ஓட வேண்டும்.

மற்ற இயங்குதளங்கள் இந்த விஷயத்தில் முற்றிலும் விதிவிலக்கல்ல. மேக் கணினிகளும் புதிய பதிப்பை நினைவூட்டுகின்றன. ஒரு குறிப்பிட்ட பதிப்பைப் புறக்கணிக்கச் சொல்லும் கட்டளையை ஆப்பிள் 2020-இல் முடக்கியது. உபுண்டுவும் அடுத்த பதிப்பைக் காட்டும். ஆனால் அமைப்புகளில் ‘ஒருபோதும் வேண்டாம்’ என்று ஒரு தேர்வு வைத்திருக்கிறது, அதை மதிக்கவும் செய்கிறது.

யோசித்து முடிவெடுத்து மேம்படுத்துகிறவர்கள் கோப்புகளை முதலில் வேறோர் இடத்தில் பிரதி எடுக்க வேண்டும். பதிப்பு பிடிக்காவிட்டால் பழையதற்குத் திரும்பும் வசதி விண்டோஸ் 10 வந்த புதிதில் 30 நாள் இருந்தது; 2016 ஆகஸ்ட் முதல் 10 நாள்தான். இரண்டு இயங்குதளம் உள்ள மடிக்கணினியில், மேம்படுத்தலுக்குப் பின் தொடக்கப் பட்டியலிலிருந்து லினக்ஸ் வரி காணாமல் போகலாம். அதன் கோப்புகள் டிஸ்க்கில் அப்படியே இருக்கும், பட்டியலை மட்டும் மீட்டால் போதும். வெறும் மாதத் திருத்தமும் இதைச் செய்திருக்கிறது: 2024 ஆகஸ்ட் விண்டோஸ் திருத்தம், லினக்ஸும் சேர்த்து வைத்திருந்த பல கணினிகளில் லினக்ஸ் தொடங்குவதையே தடுத்துவிட்டது.

மாநில அரசின் மடிக்கணினி விநியோகம் 2020-க்குப் பிறகு நின்றிருந்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையில், 2,000 கோடி ரூபாயில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி என்ற அறிவிப்பு வந்தது. புதியது வந்த வீட்டில் பழையதை என்ன செய்வது என்ற கேள்வியும் கூடவே வருகிறது. ஓடினால் லினக்ஸ் ஏற்றித் தம்பி தங்கைக்குக் கொடுக்கலாம். ஓடாவிட்டால், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகளின்படி, மறுசுழற்சிப் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வேண்டும், பழைய இரும்புக் கடையில் அல்ல. எந்த வழியானாலும் அதற்கு முன் ஹார்டு டிஸ்க்கை முழுவதும் அழித்துவிட வேண்டும். பத்து ஆண்டில் அதில் சேர்ந்த மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் படம் எல்லாம், வெறுமனே டெலிட் செய்தால் போவதில்லை.